சென்னை–மதுரை விமானம்: 417 கிலோமீட்டருக்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? ஒரு தளத்தில் 31 நிமிடம் என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 1 மணி 1 நிமிடம், டிக்கெட்டிலோ 1 மணி 25 நிமிடம். எதை நம்புவது? வந்தே பாரத்தை விட்டுவிட்டு விமானம் ஏறினால் நிஜமாகவே எவ்வளவு நேரம் மிச்சம்?

முதலில் நேரடிப் பதில். மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் மதுரை ஓடுபாதைக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 417 கி.மீ.; விமானிகள் கணக்கில் 225 கடல் மைல். தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடும்வரை ஏர்பஸ் என்ற பெரிய ஜெட் விமானம் என்றால் 45 முதல் 50 நிமிடம், ஏடிஆர் என்ற காற்றாடி வைத்த சிறிய விமானம் என்றால் ஒரு மணி நேரத்தை ஒட்டி. டிக்கெட்டில் காணும் நேரம் இதைவிட 20, 30 நிமிடம் கூடுதலாக இருக்கும். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை பார்த்தால் ஐந்து மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் எண்கள் மாறுவதற்குக் காரணம் எளிது. 'சென்னை' என்று சென்ட்ரலை வைத்தும் 'மதுரை' என்று மீனாட்சி அம்மன் கோயிலை வைத்தும் அளந்தால் 422 கி.மீ. வரும். நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளந்தால் 417. 460 என்று போட்டிருந்தால் அது சாலைத் தூரம். 225, 259 என்று இருந்தால் அவை முறையே கடல் மைலும் சாதாரண மைலும். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நேரத்தை அந்தத் தளங்கள் யாரும் பறந்து பார்த்து எழுதுவதில்லை. 417-ஐ 800 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 31 நிமிடம். ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் 1 மணி 1 நிமிடம். நீங்கள் பார்த்த இரண்டு எண்களும் அப்படிப் பிறந்தவைதான். கண்டம் விட்டுக் கண்டம் போகும் பயணத்துக்கு அந்தச் சூத்திரம் ஓரளவு பொருந்தும். இந்த மாதிரி குட்டித் தூரத்துக்குப் பொருந்தாது. ஏனென்றால் இந்த வழித்தடத்தில் விமானம் தன் முழு வேகத்தில் பறப்பதே சில நிமிடங்கள்தான்.

அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 ஒன்று சென்னையில் கிளம்பி 28,000 அடிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தை எட்டும்போது அது 90 கடல் மைல் தாண்டியிருக்கும். இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் விதி, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். 28,000 அடிக்கு 84 மைல், வேகத்தைக் குறைக்க இன்னும் சில மைல், ஆக மறுபடி 90. மொத்தம் 225-இல் 180 ஏறவும் இறங்கவும் போய்விட்டது. மிச்சம் 45 மைல். 450 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில், அது ஆறு நிமிடம். சீட் பெல்ட் விளக்கு அணைந்து, பணிப்பெண் தண்ணீர்ப் பாட்டிலோடு நான்காவது வரிசைக்கு வருவதற்குள் 'இறங்கப் போகிறோம்' என்ற அறிவிப்பு வந்துவிடுவது இதனால்தான். போதாததற்கு, 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு வேறு இருக்கிறது. ஜெட்டின் பலம் எங்கேயோ அங்கே போகவிடாமல் இந்தப் பாதை அதைத் தடுத்துவிடுகிறது.

ஏடிஆர்-72 அப்படியல்ல. அது 25,000 அடிக்கு மேல் போகும் விமானமே இல்லை. இவ்வளவு குறுகிய தூரத்தில் 17,000, 18,000 அடியிலேயே நின்றுகொள்ளும். உயரம் குறைவு என்பதால் ஏறி இறங்கும் தூரமும் குறைவு. பாதி வழியை அது தன் இயல்பான வேகத்தில், மணிக்கு 500 கி.மீ.யை ஒட்டி, நிதானமாகப் போகும். தாளில் பார்த்தால் 830-க்கு எதிராக 510, அதாவது ஏர்பஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல் வேகம். நடைமுறையில் வித்தியாசம் 12 முதல் 15 நிமிடம். இந்தத் தூரத்தில் விமானக் கம்பெனிகள் ஏடிஆரை ஓட்டுவது கஞ்சத்தனம் அல்ல, கணக்குத் தெரிந்த வேலை. எரிபொருள் மிகக் குறைவு, நேர இழப்பு கால் மணி நேரம்.

எந்த விமானம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். புக் செய்யும் பக்கத்தில் விமான வகை சிறிய எழுத்தில் இருக்கும்: ஏடிஆர் என்றோ, 320, 321 என்றோ. இண்டிகோவில் ஏடிஆர் சேவைகளுக்குப் பெரும்பாலும் 7-இல் தொடங்கும் நான்கு இலக்க எண் கொடுத்திருப்பார்கள். ஏடிஆரில் 78 இருக்கை, இரண்டு இரண்டாக. நடு சீட் என்ற தொல்லை கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் பின்பக்கக் கதவு வழியாக. அதனால் சீக்கிரம் வெளியே வர வேண்டியவர்கள் பின்வரிசையைக் கேட்டு வாங்க வேண்டும். முன்வரிசைக்குக் கூடுதல் காசு கொடுத்தால் கடைசியாக இறங்குவீர்கள். காற்றாடி இரண்டும் முன்பாதியில் ஜன்னலுக்கு நேரே சுழலும், இரைச்சல் அங்கேதான் அதிகம். பின்வரிசை அமைதி. மேலே பை வைக்கும் இடம் சிறியது. ஏர்பஸ்ஸில் சுலபமாக நுழையும் கெட்டியான டிராலிப் பெட்டி இதில் நுழையாது, ஏணிப்படி அருகிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, சாவி, லேப்டாப், நகை எல்லாம் தோள்பையில் இருக்கட்டும். பாதி காலியாகப் போகும் நாளில் 'முன்னால் நகர்ந்து உட்காருங்கள்' என்றோ 'பின்னால் போங்கள்' என்றோ சொன்னால் முறைத்துக்கொள்ள வேண்டாம். சிறிய விமானத்தில் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம்.

இனி டிக்கெட் நேரத்துக்கு வருவோம். அதில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. சென்னையில் நிறுத்துமிடத்தைவிட்டு விமானம் அசையும் நொடியிலிருந்து மதுரையில் நிறுத்துமிடத்தில் வந்து நிற்கும் நொடிவரை. தொழிலில் இதை பிளாக் டைம் என்பார்கள். சென்னையில் ஊர்ந்து போய் ஓடுபாதை முனையில் வரிசையில் நிற்க 10 நிமிடமும் ஆகும், 20 நிமிடமும் ஆகும். மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்றில் ஒருவர் இறங்கும்போது இன்னொன்றில் மற்றவர் சுதந்திரமாக ஏற முடியாது. 3,658 மீட்டர் நீளமுள்ள பிரதான ஓடுபாதையே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. காலை 6 முதல் 9 வரை நெரிசல் கண்கூடு. மதுரையில் ஓடுபாதை ஒன்றே, 2,286 மீட்டர், ஆனால் போக்குவரத்தும் குறைவு. இறங்கிய ஐந்தாறு நிமிடத்தில் கதவு திறந்துவிடும். இவற்றோடு கம்பெனிகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் உபரி நேரமும் சேர்த்துப் போடும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் 'சரியான நேரம்' என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கில் நல்ல பெயர் வாங்கத்தான் உபரி. 'பத்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்' என்ற பெருமித அறிவிப்பின் பின்னணி பெரும்பாலும் இதுவே.

உண்மை நேரம் தெரிய வேண்டுமானால் ஃபிளைட்ரேடார்24 தளத்தில் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு நாளும் எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று இருக்கும். இரண்டையும் கழித்தால் பறந்த நேரம். புறப்பாட்டு நேரத்துக்கும் எழும்பிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி தினமும் 40 நிமிடத்தைத் தாண்டினால் அந்தச் சேவை வழக்கமாகவே தாமதம் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு நாளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், முழு வாரத்தையும் பாருங்கள்.

சென்னையிலிருந்து போகும்போது ஆகும் நேரமும் மதுரையிலிருந்து வரும்போது ஆகும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன? பலர் காற்றைச் சொல்வார்கள். காற்றின் பங்கு சிறிது. மதுரை சென்னைக்குத் தென்மேற்கே இருக்கிறது. மேற்கிலிருந்து 20 நாட் காற்று வீசினால் அதில் பாதியளவுதான் எதிர்க்காற்றாக முகத்தில் படும். ஏடிஆருக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூடும், திரும்பும்போது அதே அளவு குறையும். பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது சென்னையில் எந்தத் திசையில் இறங்குகிறார்கள் என்பது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்க வேண்டும். கிழக்கிலிருந்து காற்று வந்தால், மதுரை விமானம் தென்மேற்கிலிருந்து வந்து பம்மல், பொழிச்சலூர் பக்கமாக ஏறக்குறைய நேராக இறங்கிவிடும். மேற்கிலிருந்து காற்று வந்தால் நகரத்தைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய், திரும்பி, நங்கநல்லூர் பக்கமிருந்து இறங்க வேண்டும். 30, 40 கி.மீ. கூடுதல், ஆறிலிருந்து எட்டு நிமிடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை விமானத்தில் வருகிறவர்கள் ஜன்னலில் திடீரென்று கடலைப் பார்ப்பது இதனால்தான். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் திசையை மாற்றிவிடுவார்கள்.

நேரத்தை உண்மையில் தின்பது ஆகாயத்தில் நடப்பது அல்ல, தரையில் நடப்பது. அண்ணாநகரிலிருந்து ஒருவர் மதுரை பெரியார் பேருந்து நிலையம் பக்கம் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம். பை போடும் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும், போர்டிங் கேட் 25 நிமிடம் முன்பு. ஆகவே ஒன்றரை மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். டிக்கெட் நேரம் 1 மணி 25 நிமிடம். இறங்கிப் பை வாங்கி வெளியே வர 25 நிமிடம். மதுரை விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் சுமார் 12 கி.மீ., அதற்கு 35 நிமிடம். கூட்டினால் 4 மணி 55 நிமிடம். இதில் விமானம் பறந்தது ஒரு மணி நேரம்.

வந்தே பாரத்தோடு ஒப்பிடுங்கள். எழும்பூரில் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி நாகர்கோவில் போகும் வண்டி ஐந்தரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி மதுரை சேரும். தேஜஸ் ஆறேகால் மணி நேரம். வீட்டிலிருந்து எழும்பூருக்கு 30 நிமிடம், காத்திருக்க 20, ஜங்ஷனிலிருந்து பெரியாருக்கு நடந்தே போகலாம். மொத்தம் ஆறேமுக்கால் மணி நேரத்துக்குள். ஆக விமானம் மிச்சப்படுத்துவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு, அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். தாம்பரத்தில் இருப்பவருக்கு இரண்டும் பக்கம்தான்: மீனம்பாக்கமும் கூப்பிடு தூரம், வந்தே பாரத்தும் தாம்பரத்தில் நிற்கும். வேளச்சேரி, பல்லாவரம்காரர்களுக்கு விமானம் உண்மையிலேயே லாபம். மாதவரம், திருவொற்றியூர்காரர்களுக்கு அவ்வளவு இல்லை. மாலையில் வேலை முடித்துப் புறப்பட்டு இரவே மதுரையில் இருக்க வேண்டும் என்றால் விமானம். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் இரவு ரயில்தான் என் தேர்வு. பாண்டியனில் தூங்கிக்கொண்டே போகிற நேரத்தைப் பயண நேரமாகக் கணக்கிடுவதே நியாயமில்லை.

இங்கே ஒரு சுவாரசியமான ஒப்பீடு. சென்னை–கோவை நேர்கோட்டுத் தூரம் சுமார் 404 கி.மீ., மதுரையைவிடக் குறைவு. ஆனால் சாலையில் கோவை 500 கி.மீ.க்கு மேல், மதுரை 460. வரைபடத்தில் சென்னைக்கும் மதுரைக்கும் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள்: அது விழுப்புரத்துக்கு மேலே போகும், திட்டக்குடிக்கு மேலே போகும், திருச்சிக்கு மேலே போகும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கிட்டத்தட்ட அந்த நூலை ஒட்டியே ஓடுகின்றன. கோவைக்குப் போகிறவர்கள் சேலம் வழியாக வளைந்து போக வேண்டியிருக்கிறது. சாலை வளைந்தால்தான் விமானத்துக்குச் சாதகம். மதுரைச் சாலை வளையவில்லை. அதனால்தான் மதுரைக்கு விமானத்தின் லாபம் கோவை அளவுக்கு இல்லை. வானம் தெளிவாக இருந்து, ஏடிஆரும் அந்த நூலை ஒட்டிப் போனால், பாதி தாண்டியதும் கீழே கவனியுங்கள். காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் தீவு அப்படியே தெரியும். அங்கிருந்து இறக்கம் ஆரம்பம்.

சென்னை நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் இடங்கள் சில. உள்நாட்டு முனையம் ஒன்றல்ல, டி1, டி4 என்று இரண்டு. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு ஆட்டோவிலோ காரிலோ ஏறுங்கள். தவறான வாசலில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு 10, 15 நிமிடம் நடை. மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது, ஆனால் முதல் வண்டியே காலை 5 மணிக்குத்தான். 6 மணி விமானத்துக்கு அது உதவாது. செங்கல்பட்டு, தாம்பரம் பக்கமிருந்து வருகிறவர்கள் மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி ஜிஎஸ்டி சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் வந்துவிடலாம். இதைவிட மலிவான வழி கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் மாறி மதுரை போகிறவர்களுக்கு: குடியேற்றச் சோதனையும் சுங்கமும் சென்னையிலேயே. பெட்டி மதுரைக்கு என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் காசு போனது போனதுதான், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மூன்று மணி நேர இடைவெளிக்குக் குறைந்து வாங்காதீர்கள், நள்ளிரவு நெரிசலில் இறங்கினால் நான்கு. ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பாடு.

எந்த நேர விமானம் நல்லது? முதல் விமானம், சந்தேகமில்லை. ஒரே ஏடிஆர் ஒரு நாளில் ஆறு, ஏழு தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி, துடைத்து, ஆளை ஏற்றிக் கிளம்ப வேண்டும். காலையில் எங்கோ ஏற்பட்ட 20 நிமிடத் தாமதம் மாலையில் ஒன்றரை மணி நேரமாக வளர்ந்து நிற்கும். போதாததற்கு ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பிற்பகலில் எழும் இடிமேகங்கள். ஜெட் கொஞ்சம் மேலே ஏறிச் சில மேகங்களைத் தவிர்க்கும். 18,000 அடியில் போகும் ஏடிஆர் சுற்றித்தான் போக வேண்டும். குலுக்கலும் கூடுதல், நிமிடங்களும் கூடுதல். மதுரையில் இறங்க முடியாத மழை என்றால் திருச்சிக்குத் திருப்பிவிடக்கூடும், அல்லது சென்னைக்கே திரும்பி வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆபத்து சென்னைப் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், இரண்டிலும் ஓடுபாதையை மூடினார்கள். புயல் எச்சரிக்கை வந்த நாளில் கல்யாணமோ நேர்முகத் தேர்வோ இருந்தால் முந்தின நாளே கிளம்பிவிடுங்கள்.

போகும் ஊர் மதுரைதானா என்பதையும் ஒருமுறை யோசிக்க வேண்டும். திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் பழக்கத்தில் மதுரையில் இறங்கி 160 கி.மீ. காரில் போகிறார்கள். தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில் இருக்கிறது, நெல்லைக்கு 35 கி.மீ.க்குள். ஆகாயத்தில் கூடுதலாக 110 கி.மீ., பதினைந்து நிமிடத்துக்குள். தரையில் மிச்சம் இரண்டு மணி நேரம். காரைக்குடிக்குத் திருச்சியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே தூரம். கட்டணம் எது குறைவோ அது. தேனி, கொடைக்கானல், சிவகாசிக்கு மதுரைதான் சரி.

மதுரையில் இறங்கிய பிறகு ஊருக்குள் போகும் நேர்வழி அவனியாபுரம், வில்லாபுரம் வழி. காலை, மாலை பள்ளி விடும் நேரத்தில் அது நகராது. மாட்டுத்தாவணி, கே.கே. நகர் பக்கம் போகிறவர்கள் மண்டேலா நகரில் ரிங் ரோட்டைப் பிடித்துவிட வேண்டும். மீட்டரில் கிலோமீட்டர் கூடும், கடிகாரத்தில் குறையும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். போகி அன்று காலை சென்னையில் புகைமூட்டம். 2018-இல் விமானங்கள் கூட்டமாகத் தாமதமாகித் திருப்பிவிடப்பட்டது அந்த நாளில்தான். அன்று பிற்பகல் விமானம் எடுங்கள், அல்லது அதற்கு முந்தின நாள். போகியைத் தவிர்த்துப் பொங்கல் நாளிலேயே போகிறேன் என்றால் அன்றைக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டு. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் அந்த வழியில் போக்குவரத்தை மாற்றிவிட்டிருப்பார்கள், டாக்ஸிக்காரரிடம் முன்பே ரிங் ரோடு என்று சொல்லிவிட்டு ஏறுங்கள்.